கட்டுமரக் கயிறு கட்டிய கார்

பிள்ளைகளா, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று உங்கள் முதலாளி கேட்டார். நாலு வார்த்தையில் நிறுத்துகிற ஆளா நான்? நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுவதை அப்படியே எழுதினால் உங்களுக்குப் புரியாது என்று அவளே திருத்தி எழுதிக்கொள்கிறாளாம். எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அவள் என்ன எழுதினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

போன வாரம் முத்தையாபுரத்தில் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தேன். ஒருவன் ஒரு பொத்தானை அமுக்கினான். முழுக் காரும் கோயில் தேர் எழும்புகிற மாதிரி தலைக்கு மேலே எழும்பி நின்றது. நான் கை தட்டிவிட்டேன். நீங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தீர்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போங்கள். நாங்கள் ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலு பக்கமும் உப்பள வரப்பில் கிடந்த கல்லைக் கொடுத்து, மாதாவே காப்பாற்று என்று சொல்லிவிட்டு அடியில் நுழைந்தவர்கள். கை தட்டாமல் என்ன செய்ய?

எங்கள் பட்டறை என்பது எங்கள் வீட்டு முற்றம்தான். தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கம். ஒரு பூவரச மரம், அதன் கிளையில் ஒரு சங்கிலி, அதில் தொங்குகிற என்ஜின், அதற்குக் கீழே என் மாமியார் காயவைத்த கருவாடு. மாமியாருக்கும் என் வீட்டுக்காரருக்கும் தினமும் சண்டை. கருவாட்டில் எண்ணெய் சொட்டுகிறது என்று அவள், என்ஜினில் உப்பு ஏறுகிறது என்று அவர். எங்கள் கோழி ஒன்று ஸ்பேனர் பெட்டிக்குள்தான் முட்டையிடும், வேறு எங்கும் இடாது. அவசரத்துக்கு ஸ்பேனர் எடுக்கப் போனால் அது கொத்தும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால்... சும்மாதான் சொல்கிறேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நான் கட்டுமரக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்தபோது காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அது போனால் புழுதி வரும். ஆனால் அது உலகச் சண்டைக் காலம். கை உதவிக்கு இருந்த ஆட்கள் எல்லாரும் பட்டாளத்துக்கும் துறைமுக வேலைக்கும் போய்விட்டார்கள். ஒருநாள் என் வீட்டுக்காரர் அடியில் படுத்துக்கொண்டு, "ஏளா, அந்த நட்டைக் கொஞ்சம் பிடி" என்றார். பிடித்தேன். அதற்குப் பிறகு விடவே இல்லை.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் துறைமுகத்துப் பட்டறை மேஸ்திரி. அவர் பெயரைச் சொல்ல மாட்டோம், மேஸ்திரி என்றால் அவர் ஒருவர்தான். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் கை ஒரு வண்டியில் கடைசியாக நட்டை முடுக்கியதோ, அந்த ஆள் அதன் முதல் ஓட்டத்தில் ஏறி உட்கார வேண்டும். எடுபிடிப் பையன் ஆனாலும் சரி, பெரிய மேஸ்திரி ஆனாலும் சரி. ஒரு தடவை பனிமய மாதா திருவிழா அன்று என் வீட்டுக்காரர் ஒரு லாரியின் முன் ஸ்பிரிங் பட்டையை மாட்டிவிட்டு, புதுச் சட்டை அழுக்காகிவிடும் என்று ஏறாமல் நழுவினாராம். மேஸ்திரி காதைப் பிடித்துத் திருப்பி, "நீ ஏறமாட்டேங்க வண்டியில அடுத்தவன் ஏன்லே ஏறணும்?" என்று கேட்டுப் புதுச் சட்டையோடு ஏற்றிவிட்டாராம். அன்று லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டைதான் போயிற்று. எங்கள் முற்றத்திலும் அந்த வழக்கத்தை விட்டதில்லை. அதனால்தான் இப்போது சொல்லப் போகிற காரியத்தில் நானும் இருந்தேன்.

உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் இருந்தார். நாங்கள் அண்ணாச்சி என்போம். அவரிடம் ஒரு பழைய கார். எந்த வெள்ளைக்காரனோ விட்டுவிட்டுப் போனது. பின் இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டுக் கருப்பட்டிச் சிப்பத்தை அடுக்கி அதை ஓட்டுவார். கருப்பட்டிப் பாரமும் கடல் காற்றும் சேர்ந்தால் இரும்பு என்ன செய்யும்? பின்பக்கத்து ஸ்பிரிங்கில் மெயின் பட்டை ஒடிந்துபோயிற்று. என்ஜினிலிருந்து பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்டைப் பிணைக்கிற தட்டும் கிழிந்து போயிருந்தது. அந்தக் காலத்து அந்த வண்டியில் அந்தத் தட்டு ரப்பரும் துணியும் சேர்த்துச் செய்தது. புதுத் தட்டுக்கு எங்கே போவது? கிணற்றில் கமலை இறைக்கிற சால் இருக்கிறது இல்லையா, மாட்டுத்தோல் சால், அந்தப் பழைய தோலை வட்டமாக வெட்டி, மீன் எண்ணெயில் ஊறப்போட்டு என் வீட்டுக்காரர் தட்டு செய்தார். அது நன்றாகவே அமைந்துவிட்டது. பட்டை மட்டும் மதுரையிலிருந்து வர வேண்டும். வருகிறது, வருகிறது என்று வராமலே இருந்தது. கார் எங்கள் முற்றத்தில் கல் மேலே நின்றது.

அண்ணாச்சியின் மனைவி அப்போது தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வயிற்றில் கட்டி. ஒருநாள் காலையில் அண்ணாச்சி நடந்தே வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"தம்பி, காரு ஓடுமா?"

"நிக்கும் அண்ணாச்சி. ஓடாது. பட்டை இன்னும் வரலல்லா."

"நேத்து சாயந்தரமே டாக்டர் கைய விரிச்சிட்டாரு. வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாரு. இன்னைக்குப் பொழுது தாண்டுறது கஷ்டமாம்."

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வழியில உயிர் போச்சுன்னா எங்க அண்ணன் வாசல் நடைக்கு மேல ஏத்த விடமாட்டாரு. வெளியில போன உயிர உள்ள கொண்டுவரப் பிடாதும்பாரு. முத்தத்துல போட்டு அப்படியே எடுத்துருவாவ. தம்பி, அது அவ வீடு. அடுப்படியில வெந்து வெந்து, கருப்பட்டி காய்ச்சிக் கட்டுன வீடு. அதுக்குள்ள படுத்துப் போகணும்னு கேக்கா. வேற ஒண்ணும் கேக்கல."

வேறு கார் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தன. பாதி, பெட்ரோல் கூப்பன் தீர்ந்து நின்றன. பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய ஒன்றிரண்டும் வெள்ளெனவே வாடகைக்குப் போய்விட்டன. அண்ணாச்சி இந்த நாளுக்கென்றே ஒரு டின் பெட்ரோல் ஒதுக்கி வைத்திருந்தார். மாட்டு வண்டி என்றால் அன்றைக்குள் போய்ச் சேராது. ரயில் என்றால் திருநெல்வேலி சுற்ற வேண்டும்.

என் வீட்டுக்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முடியாது என்பதுதான் முறையான பதில். மேஸ்திரி இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். ஒடிந்த பட்டையோடு போனால் பின் அச்சு பின்னால் நகரும், அச்சு நகர்ந்தால் ஷாஃப்ட் பிடுங்கிக்கொண்டு போகும், அந்தத் தோல் தட்டு அப்பளமாகக் கிழியும். அதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறார். என் வீட்டுக்காரர் குனிந்து பட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏளா, உங்கப்பா மரம் கட்டுத மாதிரி இதக் கட்டுவியா?"

கட்டுமரம் என்றால் என்ன? நாலைந்து மரத்தைக் கயிற்றால் வரிந்து கட்டியதுதான். ஓர் ஆணி கிடையாது. அந்தக் கட்டுதான் அலையில் ஆளைத் தாங்குகிறது. எனக்கு அது கைப்பழக்கம். என் வீட்டுக்காரர் ஒடிந்த பட்டைக்கு அடியில் வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை, பனங்கட்டையில் அறுத்த சட்டம், ஒன்றைச் சேர்த்து வைத்துக் கொடுத்தார். கட்டுமரக் கயிற்றைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலை அச்சில் உதைத்துக்கொண்டு, பட்டையையும் சிலாகையையும் சேர்த்து வரிந்தேன். அச்சு பின்னால் போகாதபடி முன்பக்கத்துச் சட்டத்தோடும் இழுத்துக் கட்டினேன். கல்லாக இறுகியது. என் மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன, சுறா பிடிக்கவா காரு போவுது?" என்றாள். சொன்னாளே தவிர, உள்ளே போய் மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

கடைசியாக முடுக்கியது என் கை. வழக்கப்படி நான் ஏறினேன். கழற்றி வைத்திருந்த பின் இருக்கையை மாட்டி, ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அந்த அம்மாளைத் தூக்கி வந்து, தலை என் மடியில் வருகிற மாதிரி பின்னால் படுக்க வைத்தார்கள். உடம்பு ஒன்றும் இல்லை, ஒரு சேலை மடிப்புதான். ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"இது என்ன கையா, எங்க வீட்டுக் கருப்பட்டிச் சட்டியா? நீயாளா காரு ரிப்பேர் பாக்க?"

"நான் கயிறுதாம்மா கட்டினேன்."

"கயிறா!" சிரிக்கப் பார்த்தாள், வலித்தது. "இவிய கார் வாங்கி எத்தன வருசமாவுது கேளு. ஒருநாள் என்னைய ஏத்துனதில்ல. கருப்பட்டிய ஏத்துவாவ, அரிசிய ஏத்துவாவ. இன்னைக்குத்தான் நம்ம மொற வந்திருக்கு."

முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி திரும்பவில்லை. அவர் காது மட்டும் எனக்குத் தெரிந்தது. அது சிவந்து போனது.

உப்பளம் தாண்டினோம், ஆறு தாண்டினோம். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பக்கத்தில் காற்று குளிர்ச்சியாக வந்தது. அந்த அம்மாள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். கார் தண்ணீரில் தோணி போகிற மாதிரி போனது. என் வீட்டுக்காரர் ஒரு கல், ஒரு குழி விடாமல் பார்த்து ஓட்டினார். ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆற்றில் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அதுதான் இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது.

திருச்செந்தூரும் தாண்டியாயிற்று. உச்சி வெயில். அங்கிருந்து உடன்குடிக்குப் போகிற பக்கம் செம்மண் தேரி. இந்தப் பக்கம் பனை, அந்தப் பக்கம் பனை, நடுவே சக்கரம் பாதி புதைகிற மணல். முதலில் ஒரு முனகல் கேட்டது. அந்த அம்மாள் என்று நினைத்தேன். அவள் இல்லை, வண்டி. அப்புறம் அடியில் டக், டக் என்று அடித்தது. என் வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார்.

நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன். கயிறு அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அறவில்லை. முடிச்சு அவிழவும் இல்லை. எல்லாம் நான் கட்டியபடியே இருந்தது, ஆனால் தளர்ந்து, தொட்டிலுக்குக் கட்டிய சேலை மாதிரி தொங்கியது. சிலாகை ஒரு பக்கமாக நழுவியிருந்தது. அச்சு பின்னால் போயிருந்தது. தோல் தட்டில் ஓர் ஓரம் வாய் பிளந்திருந்தது.

கையை வைத்துப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. கயிறு காய்ந்துபோயிருந்தது. கட்டுமரக் கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் நெகிழும். கடலில் அது காயவே காயாது, அதனால் எங்கள் ஆட்கள் யாரும் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது. என் அப்பாவும் யோசித்ததில்லை, அவருடைய அப்பாவும் யோசித்ததில்லை. நான் கடலுக்குக் கட்டுகிற கட்டைத் தரைக்குக் கட்டிவிட்டேன், ஆற்றில் நிறுத்தி நனைக்கவும் இல்லை.

"தண்ணி வேணும்" என்றேன்.

அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். "பக்கத்துல கிணறு கிடையாது தாயி. அங்கன பனைவிளைக்குள்ள போனா ஒண்ணு இருக்கு. போயிட்டு வர நேரமாவும்." உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவள் மூச்சைப் பார்த்தாலே தெரிந்தது. பனையேறிகள் காலையிலேயே பதநீர் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஓர் ஆள் நடமாட்டம் இல்லை.

ரேடியேட்டர் தண்ணீர் இருக்கிறதே என்று உங்களில் ஒருவன் நினைப்பான். அது ஏற்கனவே கொதித்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதில் கை வைத்தால் என்ஜின் இறுகும், அப்புறம் கயிறு இறுகி என்ன பிரயோசனம்? இன்னொருவன் வேறு ஒன்றை நினைத்துச் சிரிப்பான். முன்னொரு தடவை இதைச் சொன்னபோது ஒரு பயல் வாய்விட்டே கேட்டான், "ஆச்சி, ஆம்பளைய ரெண்டு பேரு இருந்தாவல்லா?" என்று. அதையும் செய்தார்கள், மக்கா. என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டுச் செய்தார்கள். அந்த வெயிலில் அவர்களிடம் என்ன இருக்கும்? ஒரு முடிச்சு நனைந்தது.

காரில் ஒரு கூஜா இருந்தது. ஆஸ்பத்திரியில் பிடித்த தண்ணீர். அந்த அம்மாளுக்கு நாக்கு வறண்டால் துணியில் நனைத்து வாயில் வைப்பதற்கு. வரும் வழியெல்லாம் அப்படித்தான் கொடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் மூன்று பேர் கண்ணும் அந்தக் கூஜாவில் போய் நின்றது. மூன்று பேரும் உடனே வேறு பக்கம் பார்த்தோம்.

என் வீட்டுக்காரர் சொன்னார், "நான் கிணத்துக்கு ஓடுதேன் அண்ணாச்சி. ஓடியே போயிட்டு வாரேன்."

"ஏளா." உள்ளேயிருந்து அந்த அம்மாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். "கூஜாவுல இருக்கத ஊத்து."

"அம்மா, அது உங்களுக்கு..."

"எனக்குத் தண்ணி வீட்டுல இருக்கு. நான் வெட்டுன கிணறு. கருப்பட்டி போட்ட மாதிரி இருக்கும். அங்கன போய்க் குடிச்சிக்கிடுதேன். ஊத்து."

அண்ணாச்சி கூஜாவை எடுத்து என் கையில் கொடுத்தார். கூஜா மூடி கடகடவென்று அடித்துக்கொண்டது.

நான் மணலில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தேன். என் வீட்டுக்காரர் ஜாக்கிக்குப் பலகை கொடுத்து வண்டியைத் தூக்கி, கடப்பாரையால் அச்சை முன்னால் நெம்பிப் பிடித்தார். முடிச்சைப் பிரித்து, ஒவ்வொரு சுற்றாகக் காலால் உதைத்து இழுத்துக் கட்டினேன். ஒரேயடியாக ஊற்றினால் மணல் குடித்துவிடும். என் முந்தானையைக் கிழித்துக் கயிற்றின் மேல் சுற்றி, அதன் மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். துணி ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. கயிறு மெல்ல முறுக்கேறுவது கைக்குத் தெரிந்தது. அந்த அம்மாளுக்குக் கூஜாவில் ஒரு சொட்டு மீதம் வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. அரைகுறையாக நனைந்த கட்டு, கட்டே இல்லாததற்குச் சமம். கூஜாவைக் கவிழ்த்தேன்.

மறுபடி கிளம்பினோம். டக் சத்தம் இல்லை.

அண்ணாச்சி இப்போது பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பேசுகிற மனிதர் இல்லை அவர்.

"இந்தா பாரு, நம்ம வடக்கு விளை. போன வருசம் இடி விழுந்த பனை, தெரியுதா?"

"ம்" என்றாள்.

"இந்தப் புள்ளையாரு கோயில்ல நீ வெடலத் தேங்கா போடணும்னு சொன்னல்லா, அடுத்த செவ்வாக்கிழம போட்டுருவோம்."

"ம்."

"மக வாசல்ல நிப்பா. நேத்தே ஆள் சொல்லி அனுப்பிச்சிட்டேன்."

"ம்."

"காரு எப்படிப் போவுது? சும்மா ஏரோப்ளேன் மாதிரி இல்ல?"

என் மடியில் அவள் தலை கொஞ்சம் சாய்ந்தது. கனம் மாறியது. பிள்ளையைத் தூங்க வைத்தவர்களுக்குத் தெரியும், தூங்கின பிறகு தலை கனக்கும். இது அந்தக் கனமும் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணாச்சி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேச வந்த அவர் வாய் திறந்தபடி இருந்தது. ஊர் அப்போதுதான் மரங்களுக்கு நடுவே தெரிய ஆரம்பித்திருந்தது.

என் வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். பேச்சு நின்றது ஒரு காரணமாக இருக்கும். அவர் கால் பெட்ரோல் மிதியிலிருந்து எழும்பியது. வண்டி தயங்கியது. நிறுத்தினால் அவ்வளவுதான், அந்த இடத்திலேயே அழுகை எழும், வயலில் இருப்பவர்கள் ஓடி வருவார்கள், எங்களுக்கு முன்னால் ஊருக்குச் சேதி போய்விடும்.

அண்ணாச்சி சொன்னார்.

"பாத்துப் போ தம்பி. அவளுக்குக் குலுங்கப் பிடாது."

என் வீட்டுக்காரர் கால் மறுபடி மிதியில் இறங்கியது. ஆத்தூரில் எப்படி ஓட்டினாரோ அப்படியே ஓட்டினார். ஒவ்வொரு குழியையும் சுற்றிப் போனார். ஒரு கல்லின் மேல் சக்கரம் ஏறிவிட்டபோது, "மன்னிச்சிருங்கம்மா" என்றார். அண்ணாச்சி பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இந்தக் கடை, அந்தக் கிணறு, யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று. ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தி, அவள் 'ம்' சொல்வதற்கு நேரம் கொடுத்து, அடுத்ததைச் சொன்னார். நான் அவள் கண்ணை மூடி, வாயைச் சேர்த்து, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

வாசலில் கூட்டம். அண்ணாச்சியின் அண்ணன் நடையில் நின்றார், கதவை மறித்த மாதிரி.

"உசுரு இருக்கா?"

"இருக்கு" என்றார் அண்ணாச்சி. "வழிய விடுங்க. பட்டாளையில படுக்கையப் போடச் சொல்லுங்க."

அவரும் என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினார்கள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். படி ஏறினோம். நடை தாண்டினோம். பட்டாளையில், உள் கூடத்தில், பாய் விரித்திருந்தது. படுக்க வைத்தோம். அந்த அண்ணன், பெரியவர், பின்னாலேயே வந்து, குனிந்து மூக்கின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

அதற்குள் மகள் உள்ளே நுழைந்தாள். என் வயது இருக்கும். கையில் ஒரு செம்பு, கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்தது, வெளியெல்லாம் வேர்த்திருந்தது. "தள்ளுங்க பெரியப்பா, அம்ம தவிச்சுப்போயி வந்திருப்பா" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அம்மா தலையைத் தன் கையில் எடுத்து, வாயில் ஊற்றினாள்.

தண்ணீர் வாய் ஓரமாக வழிந்து கழுத்தில் இறங்கிப் பாயை நனைத்தது.

தலையைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். தெரிந்துகொண்டாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முந்தானையால் அம்மாவின் வாயையும் கழுத்தையும் துடைத்தாள், ஒரு சொட்டு மிச்சம் இல்லாமல். பெரியவருடைய கை இன்னும் அந்தரத்தில் நின்றது.

"குடிச்சிட்டா பெரியப்பா" என்றாள். "ரெண்டு மடக்குக் குடிச்சிட்டா."

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். "சரி தாயி. வீட்டுக்கு வந்து சேந்துட்டா" என்றார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அழுகை எழும்பியது.

பிள்ளைகளா, ஒரு வேலை யாருக்காகச் செய்கிறோமோ அந்த ஆள் அதைப் பார்ப்பாரா, உணர்வாரா, நாளைக்கு நம்மை விசாரிப்பாரா என்று கணக்குப் பார்த்துக் கையைத் தளர்த்துகிறவர்கள் நிறையப் பேர். நான் என் வீட்டுக்காரரோடு எத்தனையோ வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அவர் கோபக்காரர், பொடி போடுவார், என் சமையலில் குற்றம் சொல்வார். ஆனால் அன்று அந்தக் கடைசித் தூரத்தை அவர் ஓட்டிய ஓட்டத்தை நினைத்தால் எல்லாம் மன்னித்துவிடத் தோன்றும். அந்தக் கயிறு எதனால் நெகிழ்ந்தது என்பதை நீங்கள் மறந்தாலும் பரவாயில்லை, இப்போது யார் கயிறு கட்டுகிறார்கள்? அந்த ஓட்டத்தை மறக்காதீர்கள்.

நாங்கள் வெளியே வந்துவிட்டோம். உள்ளே மாரடிக்கிற சத்தம். திரும்பிப் போக வேண்டுமே. என் வீட்டுக்காரர் காருக்கு அடியில் படுத்துக் கயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று தெரிந்து நான் குனியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வெளியே வந்தார். மேலே துண்டு இல்லை. காரைப் பார்த்தார், அடியில் நீட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்தார்.

"காஞ்சிருச்சோ தம்பி?"

அடியிலிருந்து பதில் வந்தது. "காயுது அண்ணாச்சி."

அவர் கிணற்றடிக்குப் போனார். உள்ளே அவரைக் கூப்பிட்டு ஆள் வந்தது. "வாரேன், போ" என்றார். வாளியைக் கிணற்றுக்குள் விட்டு இறைத்து, ஒரு குடம் நிறையக் கொண்டுவந்து, செம்மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எங்கன ஊத்தணும், சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் நல்லபடியா வீடு போய்ச் சேரணும்" என்றார்.

நான் இடத்தைக் காட்டினேன். அவர் ஊற்றினார்.